ஓர் அடுக்கில் ஓர் உலகம்

நுழையும்முன்

சிறு பொருள்களைச் சேர்க்கும் ஆர்வம் பலருக்கும் இளமையிலேயே அரும்புகிறது. சேர்த்தவை பெருகப் பெருக, வீட்டில் இடம் சுருங்குகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, வைத்ததை எவ்வாறு காப்பது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. அஞ்சல்தலைச் சேகரிப்பை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

குவித்தலும் தொகுத்தலும்

கிடைத்தவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது குவித்தல். சேர்த்தவற்றுள் தேர்ந்து, முறைப்படுத்தி, வேண்டியபோது வேண்டியதை எடுக்குமாறு வைப்பது தொகுத்தல். களத்து மேட்டில் கிடப்பது குவியல். பதர் நீக்கி, விதைநெல் தனியே, உணவுநெல் தனியே எனக் குதிரில் சேர்ந்தபின் அதுவே குடும்பத்தின் சேமிப்பு. இவ்வேறுபாட்டை உழவர் எவரும் எடுத்துச் சொல்லாமலே அறிவர். அஞ்சல்தலை சேகரிப்பவரோ இதனைச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே, பெரும்பாலும் பீரோவின் கதவு மூட முடியாமற் போகும் நாளில்தான் உணர்கிறார்.

ஓர் அஞ்சல்தலையின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அதன் பரப்பு இரண்டு விரல் அகலம். இவ்வளவு சிறிய பொருளுக்கு இடம் ஒரு சிக்கலாகுமா என்று தோன்றலாம். சேகரிப்பில் ஈடுபட்டவர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். சிறியதாக இருப்பதால்தான் அது தடையின்றிப் பெருகுகிறது. ஒரு நாற்காலியை வாங்குமுன் அதனை எங்கே போடுவது என எல்லாரும் எண்ணுவர். ஓர் அஞ்சல்தலையை வாங்குமுன் அவ்வாறு எண்ணுபவர் இல்லை.

பெருகும் செல்வம்

உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை 1840ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளியானது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய அது, கறுப்பு நிறத்தால் 'பென்னி பிளாக்' எனப் பெயர்பெற்றது. அஞ்சல் சீர்திருத்தத்தை முன்மொழிந்த ரோலண்ட் ஹில் அதன் பின்னணியில் இருந்தார். கடிதம் பெறுபவர் கட்டணம் செலுத்தும் வழக்கம் மாறி, அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தும் முறை நிலைபெற்றது. அம்முறை பிற நாடுகளுக்கும் பரவ, அஞ்சல்தலைகளின் வகைகளும் பெருகின. அவற்றைச் சேர்த்து ஆராயும் கலைக்கு 1864இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் எர்பின் 'ஃபிலாட்டெலி' என்று பெயரிட்டார். விருப்பம், வரிவிலக்கு என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களின் இணைப்பு அது. தலை ஒட்டிய கடிதத்தைப் பெறுபவர் கட்டணம் தர வேண்டியதில்லை என்பதை அப்பெயர் சுட்டுகிறது.

இந்தியா முழுமைக்குமான அஞ்சல்தலைகள் 1854இல் புழக்கத்திற்கு வந்தன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வெளியானது. மூன்றரை அணா மதிப்புடைய அதில் தேசியக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்னும் தொடரும் இடம்பெற்றன. 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகளின் உருவம் தாங்கிய நான்கு தலைகள் வந்தன. திருவள்ளுவரும் பாரதியாரும் 1960இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றனர். தமிழ்ச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்த உ.வே.சாமிநாதருக்கு 2006இல் அச்சிறப்புக் கிட்டியது.

அன்றாடக் கடிதங்களுக்கான பொதுப் பயன்பாட்டுத் தலைகள், நினைவு அஞ்சல்தலைகள், சிறு தாள்கள், முதல்நாள் உறைகள், சிறப்பு முத்திரை பதித்த உறைகள் என ஒவ்வோராண்டும் புதியன வருகின்றன. ஒரே தலையிலும் நீர்க்குறி, துளையின் எண்ணிக்கை, அச்சு முறை ஆகியவற்றால் வேறுபாடுகள் உண்டு. எல்லா நாடுகளின் எல்லாத் தலைகளையும் சேர்ப்பேன் என்று தொடங்குபவர், கடலைச் சிமிழில் அடைக்க முயல்பவராகிறார்.

தெரிந்து தெளிவோம்

இந்தியத் துணைக்கண்டத்தில், இன்னும் விரிந்து நோக்கின் ஆசியாவிலேயே, முதன்முதல் ஒட்டும் அஞ்சல்தலை 1852இல் சிந்து மாநிலத்தில் வெளியானது. அதற்குச் 'சிந்து டாக்' என்று பெயர். அன்று அம்மாநிலத்தின் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர் அதனை அறிமுகப்படுத்தினார். முதலில் சிவந்த அரக்கினால் செய்யப்பட்ட அத்தலைகள் எளிதில் நொறுங்கின. அவற்றுள் எஞ்சியவை மிகச் சில.

தொகை நூல்கள் காட்டும் வழி

பெருகிய செல்வத்தை அளவான இடத்தில் ஒழுங்குபடுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. பல காலத்தில், பல ஊர்களில், பல புலவர் பாடிய தனிப்பாடல்கள் எட்டுத்தொகையாயின. தொகுத்தவர்கள் முதலில் எல்லை வகுத்தனர். அகப்பாடல்களுள் நான்கு முதல் எட்டு அடி வரையிலானவை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையிலானவை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அடி வரையிலானவை அகநானூறு. அளவை அடிப்படையாகக் கொண்ட பகுப்பு இது.

அகநானூற்றைத் தொகுத்தவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒற்றைப்படை எண் கொண்ட பாடல்கள் எல்லாம் பாலை. இரண்டு, எட்டு என முடிபவை குறிஞ்சி; நான்கில் முடிபவை முல்லை; ஆறில் முடிபவை மருதம்; பத்து, இருபது என வருபவை நெய்தல். பாடலின் எண்ணைச் சொன்னாலே அதன் திணை விளங்கிவிடும். நானூறு பாடல்களைக் கொண்ட ஒரு சுவடிக்கட்டில் தனிப் பெயர்ப்பட்டியல் இன்றியே வழிகாட்டும் ஏற்பாடு இது.

அஞ்சல்தலை சேகரிப்பவர் இதனின்று மூன்று செய்திகளைக் கற்கலாம். முதலாவது, எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வேண்டும். இரண்டாவது, அளவு ஒத்தவற்றை ஒருங்கே வைத்தால் இடம் வீணாகாது. மூன்றாவது, வைத்த இடமே பொருளின் இனத்தைச் சொல்ல வேண்டும்.

எல்லை வகுத்தல்

எல்லை வகுப்பதற்குப் பல வழிகள் உள்ளன. ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பறவைகள், பாலங்கள், தொடர்வண்டிகள், மொழியறிஞர்கள் என ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சான்றோர் என்னும் பொருளைத் தேர்ந்தவருக்கு மற்றவை எல்லாம் பரிமாற்றத்திற்கு உரியனவாகின்றன. ஒன்றுக்கு இரண்டாக உள்ளவை நண்பர்க்குச் செல்கின்றன. நண்பரிடம் மிகுந்தவை இங்கு வருகின்றன. இப்பரிமாற்றத்தால் சேகரிப்பின் தரம் உயர்கிறது, இடத்தேவை உயர்வதில்லை.

எனினும் விடுவதற்கு முன் அறிய வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் கயானாவில் 1856இல் செந்நிறத் தாளில் அச்சான ஒரு சென்ட் அஞ்சல்தலை ஒன்று, 1873இல் வெர்னன் வான் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கையில் கிடைத்தது. குடும்பத்தின் பழைய கடிதங்களிடையே இருந்த அதனை அவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அவ்வகையில் அந்த ஒன்றே உலகில் எஞ்சியது எனப் பின்னர் அறியப்பட்டது. 2014இல் அது ஏலத்தில் ஏறத்தாழ 95 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அச்சிறுவனைப் பழிப்பதற்கில்லை, அவனிடம் இருந்த பட்டியலில் அத்தலை இல்லை. அறியாத ஒன்றை உடனே விடாமல், 'ஆராய வேண்டியவை' எனத் தனி உறையில் இட்டு வைப்பது நன்று. அவ்வுறை அடைத்துக்கொள்ளும் இடம் அரை விரற்கடை கூட இராது.

இடமும் கணக்கும்

பசையின்றித் தலைகளைச் செருகி வைக்கும் ஏட்டை 'ஸ்டாக் புக்' என்பர். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ஒளிபுகும் பட்டைகள் இருக்கும். பெரிய அளவு ஏட்டில் பக்கத்திற்கு ஒன்பது பட்டைகள் எனவும், பட்டைக்கு ஐந்து நினைவுத் தலைகள் எனவும் கொண்டால், ஒரு பக்கத்தில் 45 தலைகள் அடங்கும். முப்பத்திரண்டு பக்கங்களில் 1440 தலைகள். மூவாயிரம் தலைகளுக்கு மூன்று ஏடுகள் போதும். அவற்றைப் பாடநூல்களைப் போல நிற்கவைத்தால் ஒரு சாண் அகலத்திற்கும் குறைவான இடமே தேவைப்படும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாராதவர்களே இடமில்லை என்று முதலில் வருந்துகின்றனர்.

அட்டைத் தாளில் தலைகளை ஒட்டிக் காட்சிப்படுத்தும் ஆல்பம் அழகியது. ஆனால் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தலைகளே இடம்பெறும். ஆதலால் தேர்ந்த சிலவற்றை ஆல்பத்திலும், எஞ்சியவற்றை ஸ்டாக் புக்கிலும், இரட்டைகளை இனவாரியாகக் கிளாசின் உறைகளிலும் வைப்பது ஏற்ற முறை. வழவழப்பான அந்த மெல்லிய உறைகளை நூலகப் பட்டியல் அட்டைகளைப் போல ஒரு நீள் பெட்டியில் நிறுத்தி, இடையிடையே தலைப்பு எழுதிய அட்டைகளைச் செருகினால் தேடுவது எளிது.

ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தல் கூடாது. மேலுள்ளவற்றின் பாரத்தால் கீழேட்டிலுள்ள தலைகளின் பசை தாளோடு பற்றிக்கொள்ளும். நிற்கவைத்த ஏடுகளிடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்றும் உலவும், எடுப்பதும் எளிதாகும்.

பெரிய நிறுவனங்களும் இடநெருக்கடிக்கு இவ்வாறே விடை கண்டன. தாமஸ் டாப்ளிங் என்பவர் 1891இல் மறைந்தபோது தம் சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு எழுதிவைத்தார். இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் உள்ள அதன் தாள்கள், செங்குத்தாக நிறுத்தப்பட்டு வெளியே இழுத்துப் பார்க்கத்தக்க சட்டங்களில் வைக்கப்பட்டன. சுவர் முழுதும் பரப்ப வேண்டியவை சில அலமாரிகளுக்குள் அடங்கின.

காத்தல்

நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் தாளுக்கு முதற்பகை ஈரம். கடலோர ஊர்களில் ஆண்டு முழுதும், பிற ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழையிலும் காற்றில் ஈரம் மிகும். அப்போது பசை இளகித் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டும். தாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், தரையை ஒட்டிய அடுக்கும் ஏற்றவையல்ல. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தாழ்ந்த அடுக்குகளில் இருந்த நூல்களும் ஏடுகளும் முதலில் நனைந்தன. சேகரிப்புக்குரிய இடம் உட்சுவரை ஒட்டிய மேலடுக்கே.

சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் ஈரத்தை உறிஞ்சும். அவற்றைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். கரையானும் இராமபாணப் பூச்சியும் இருண்ட, அசையாத இடத்தை நாடுவன. ஓலைச்சுவடிகளைக் காத்த முன்னோர் வசம்பைத் துணியில் முடிந்து வைத்தனர்; சுவடிகளை அவ்வப்போது அவிழ்த்துத் தூசு தட்டிக் கட்டினர். மாதம் ஒருமுறை ஏடுகளை எடுத்து, உலர்ந்த நாளில் பக்கங்களைப் புரட்டிக் காற்றாட வைத்தல் அம்மரபின் தொடர்ச்சி. வெயிலில் மட்டும் காயவைத்தல் ஆகாது, நிறம் வெளுத்துவிடும்.

கைவிரலின் எண்ணெய்ப் பிசுக்குத் தாளைக் கெடுக்கும். ஆதலால் நுனி மழுங்கிய இடுக்கியால் தலைகளை எடுப்பர். பி.வி.சி. நெகிழி உறைகள் நாளடைவில் தாளையும் மையையும் பாதிக்கும். பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் தீங்கே. அதிலுள்ள அமிலம் பக்கத்திலுள்ள தாளையும் பழுப்பாக்கும். பசை நாடாவைப் பயன்படுத்தவே கூடாது.

ஓர் அடுக்கின் முடிவு

இடக்குறைவு ஒருவரை எத்தகைய முடிவுக்குக் கொண்டு நிறுத்தும் என்பதற்குத் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் நிகழ்ச்சியைச் சொல்லலாம். இரண்டு அறைகள் கொண்ட வீடு, ஐந்து பேர். இரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஐம்பது ஆண்டுகளாக அஞ்சல்தலை சேர்த்துவந்தார். இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஆறு செருப்புப் பெட்டிகளும் கட்டிலுக்கடியில் நிறைந்திருந்தன. ஒரு நாள் மருமகள் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மாமா, இவள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புத்தகம் வைக்கவும் இடமில்லை. உட்கார்ந்து படிக்கவும் இடமில்லை. பீரோவில் மேலடுக்கு உங்களுக்கு இருக்கட்டும். மற்றதை என்ன செய்வதென்று நீங்களே சொல்லுங்கள்."

அதில் பிழை ஒன்றும் இல்லை என்பதை முதியவர் உணர்ந்தார். அன்று மாலையே பெட்டிகள் திறக்கப்பட்டன. பேத்தியும் உடனமர்ந்தாள். நாடுவாரியாகப் பிரித்த தலைகளைவிடக் கடித உறைகளே மிகுதியான இடத்தை அடைத்திருந்தன. முந்நூறு உறைகள் ஒன்றரைச் சாண் நீளத்திற்கு நின்றன. பேத்தி கத்தரிக்கோலை எடுத்தாள்.

"தாத்தா, தலையை மட்டும் வெட்டி எடுத்து, நீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டால் எல்லாம் ஏழு பக்கத்தில் அடங்கிவிடும்."

அவள் கணக்குச் சரியானதே. முதியவர் மறுத்துப் பேசவில்லை. ஓர் உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதில் என்ன இருக்கிறதென்று வாசி, கண்ணு" என்றார்.

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த, 'மலாயா – பினாங்கு' என்று எழுதிய தலை. அதன்மேல் 1951ஆம் ஆண்டின் பினாங்கு முத்திரை. உறையைத் திருப்பினால் காரைக்குடி அஞ்சலகத்தின் வரவு முத்திரை. இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்த்தாள், பதினொரு நாள். பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதிய தன் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தை அவள் முதன்முதல் பார்த்தாள். ரஜுலா போன்ற கப்பல்கள் பினாங்குக்கும் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் மன்னரின் முகம் கிடைத்திருக்கும்; அந்தப் பதினொரு நாளும், முகவரி எழுதிய கையும் குப்பைக்குப் போயிருக்கும்.

"அப்படியானால் எதை விடுவது, தாத்தா?"

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தாம் கலப்புப் பொட்டலங்களாக வாங்கிச் சேர்த்த பன்னாட்டுத் தலைகளை எடுத்து வெளியே வைத்தார். ஹங்கேரி, போலந்து, கியூபா என நாலாயிரம் தலைகள். அவர் இந்தக் கலைக்குள் நுழைந்த வாயிலே அவைதாம். அவற்றைப் போல வேறு எங்கும் கிடைக்கும். அவ்வுறைகளைப் போல வேறு எங்கும் கிடைக்கா. பன்னாட்டுத் தலைகள் அருகிலிருந்த பள்ளியின் அஞ்சல்தலை மன்றத்திற்குச் சென்றன. உறைகளுள் குடும்பத்திற்கு வந்த அறுபது மட்டும் நின்றன. வணிக உறைகள் பிற சேகரிப்பாளர்களுக்குப் போயின. இந்தியத் தலைகள் மூன்று ஏடுகளில் அடங்கின. மேலடுக்கில் ஒரு கை அகல இடம் மிஞ்சவும் செய்தது. கொடுத்த நாளில் முதியவர் உணவருந்தாமல் படுத்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தேர்தல் என்பது இழப்பும் கலந்த செயல்.

பட்டியல் என்னும் திறவுகோல்

இடத்தைச் சிக்கனமாக்கும் கருவிகளுள் மிக எளியது ஒரு நோட்டுப் புத்தகம். ஏட்டின் எண், பக்கம், பட்டை, தலையின் பெயர், ஆண்டு, கிடைத்த வழி ஆகிய ஆறு குறிப்புகள் போதும். எது இருக்கிறது எனத் தெரிந்தால் மீண்டும் அதனையே வாங்கும் நிலை வராது. உறையைப் பற்றியதாயின், யார் யாருக்கு எழுதியது என்பதையும் குறிக்க வேண்டும். அக்குறிப்பு இல்லையெனில், அடுத்த தலைமுறையினர் அதனைப் பழைய தாளாகவே காண்பர்.

பாரிசில் வாழ்ந்த பிலிப் ஃபெராரி, உலகில் ஒருவர் சேர்த்தவற்றுள் மிகப் பெரியது எனக் கருதப்படும் சேகரிப்பை உடையவராக இருந்தார். கயானாவின் அந்த ஒற்றைத் தலையும் அவரிடம் வந்து சேர்ந்தது. தம் சேகரிப்பைப் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்திற்கு அவர் எழுதிவைத்தார். 1917இல் அவர் மறைந்தார். முதல் உலகப்போரின் முடிவில் பிரான்சு அரசு அதனைப் பகைநாட்டுச் சொத்தாகக் கைப்பற்றி, 1921 முதல் 1925 வரை பல ஏலங்களில் விற்றது. மாளிகை அளவு இடமிருந்தும் சேகரிப்பு ஒருங்கே நிற்கவில்லை. இடம் மட்டுமே ஒரு தொகையைக் காப்பதில்லை. அதன் பொருளை உணர்ந்து அடுத்து ஏற்பவர் வேண்டும்.

இற்றைநாளில் கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர். கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்களும் செய்திகளும் குவிகின்றன. அவற்றுக்கும் இடம் போதாமற் போகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்னும் வினா அங்கும் எழுகிறது. ஒரு பீரோ அடுக்கை முறையாக நிரப்பக் கற்றவர்க்கு அவ்வினா அச்சம் தருவதில்லை. வேறெங்கும் கிடைக்காததை முதலில் வைப்பார். எங்கும் கிடைப்பதைப் பிறர்க்குக் கொடுப்பார். வைத்தவற்றின் வரலாற்றை எழுதிவைப்பார். நம் முன்னோர் தொகை என்று பெயரிட்டது இத்தகைய உழைப்பையே.